குட்டைப் பனங்கனியும் குக்குலுப் பிசினும்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து மணற்காடுகளில் ஆட்கள் சாக்குப் பையோடு இறங்குவார்கள். அங்கே ஒரு குட்டைப் பனை ஏக்கர் கணக்கில் புதராக மண்டிக் கிடக்கிறது. மட்டையின் இரு ஓரமும் ரம்பப் பல். அடியில் நிழலுக்கு ஒதுங்கிய கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கலாம். கையை விட்டுக் குலையைப் பறிக்க வேண்டும். இந்தப் பனையின் பெயர் சா பால்மெட்டோ. நன்கு பழுத்தால் கருநீலமாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும் அதன் கனிக்கு இருக்கிற கிராக்கியில் காடே மொட்டையாகிவிடுமோ என்று பயந்து, 2018 முதல் அரசு அனுமதி இல்லாமல் பறிக்கக் கூடாது என்று மாநிலம் விதித்துவிட்டது. கரடிகளுக்கும் அதுதான் உணவு.

ருசிக்காக இந்தக் கிராக்கி என்று நினைத்துவிட வேண்டாம். 1696-இல் கப்பல் உடைந்து அந்தக் கரையில் ஒதுங்கிய ஜொனாதன் டிக்கின்சன் என்ற வணிகருக்கு உள்ளூர்ப் பழங்குடியினர் பசியாற இந்தக் கனியைத்தான் கொடுத்தார்கள். அழுகிய பாலாடைக்கட்டியைப் புகையிலைச் சாற்றில் ஊறவைத்ததுபோல் இருந்தது என்று அவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். இந்த நாற்றத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அறிவியலுக்கே அது ஒரு தலைவலியாக இருந்திருக்கிறது.

கனியின் சாறு கேப்ஸ்யூலாகி உலகம் முழுக்கப் போகிறது. நம் ஊர் மருந்துக் கடையிலும் இணையத்திலும் ‘புராஸ்டேட் நலம்’ என்ற வாசகத்தோடு கிடைக்கிறது. வாங்குகிறவர் பெரும்பாலும் ஐம்பது, அறுபதைக் கடந்த ஆண். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது. போய் நின்றாலும் உடனே வருவதில்லை, வந்தாலும் வேகமில்லை, திரும்பி வந்து படுத்தால் இன்னும் பாக்கி இருப்பதுபோல் ஓர் உறுத்தல். சர்க்கரை, முட்டிவலி, பிள்ளையின் விசா எல்லாவற்றையும் பூங்கா பெஞ்சில் உரக்கப் பேசுகிறவர்கள் இதை மட்டும் பேசுவதில்லை. மருத்துவரிடம் சொல்லக் கூச்சம். டப்பாவை வாங்கக் கூச்சமில்லை. இந்தத் தொழிலின் பாதி வியாபாரம் அந்தக் கூச்சத்தில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கிறது. விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. வேலையில் சிக்கலில்லை, இருக்கும் இடத்தில்தான் சிக்கல். சிறுநீர் வெளியேறும் குழாய் அதை ஊடுருவிக்கொண்டு போகிறது. வயது ஏற ஏறச் சுரப்பி பருத்து, குழாயை நாலாபுறமும் நெருக்குகிறது. பிரேதப் பரிசோதனைகளில் பார்த்தபோது, ஐம்பதுகளில் இருந்த ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேலும் இந்த வளர்ச்சி இருந்தது. இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் இருக்கலாம், அது வேறு விஷயம்.

ஏன் பருக்கிறது என்பதற்கான துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கு மூலையில் சலினாஸ் என்ற கிராமம். பிறந்தபோது பெண் என்று நினைத்து வளர்த்த சில குழந்தைகள் அங்கே பருவ வயதில் ஆணாகத் திரண்டார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவர் அவர்களை ஆராய்ந்து 1974-இல் காரணத்தைச் சொன்னார். டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்னும் இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி அவர்கள் உடலில் பழுதாக இருந்தது. அந்த நொதியின் பெயர் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ். அவர்கள் வளர்ந்து ஆளான பிறகும் புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. அப்படியானால் மற்றவர்களுக்கு அந்த நொதியைத் தடுத்தால்? மெர்க் நிறுவனம் அந்த வழியில் போய் ஃபினாஸ்டிரைடு என்ற மருந்தைச் செய்தது. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுரப்பி மெல்லச் சுருங்கும். பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம். கூடவே சிலருக்குப் பாலுணர்வு குறைவதும் உண்டு.

இப்போது குட்டைப் பனைக்கு வருவோம். அதன் சாற்றைச் சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்தபோது அதுவும் இதே நொதியைத் தடுத்தது. ஆக, பக்கவிளைவில்லாத ஃபினாஸ்டிரைடு ஒன்று மரத்திலேயே காய்க்கிறது! நம்ப யாருக்குத்தான் ஆசையிருக்காது? ஐரோப்பாவில் மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 18 ஆய்வுகளை, மொத்தம் 2,939 பேரை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்த கட்டுரை வந்தது. சிறுநீர்த் தொல்லை குறைகிறது, பக்கவிளைவும் சொற்பம் என்றது அது. விற்பனைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

ஆனால் அந்த 18 ஆய்வுகளில் பல சிறியவை. பல சில வாரங்களிலேயே முடிந்தவை. நாற்றம் இங்கேதான் குறுக்கே வருகிறது. மருந்து ஆய்வில் பாதிப் பேருக்கு உண்மை மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது, வாங்குபவருக்கும் தெரியக் கூடாது. பாலாடைக்கட்டி அழுகிய வாடை வந்தால் நமக்கு அசல்தான் கிடைத்திருக்கிறது என்று வாங்கியவர் கண்டுபிடித்துவிட மாட்டாரா?

அதனால் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அடுத்த பெரிய ஆய்வில் வெற்று மாத்திரைக்கும் கசப்பும் நிறமும் எண்ணெய்ப் பசையும் ஏற்றி, அசலைப் போலவே செய்தார்கள். 225 ஆண்கள், ஓராண்டு. தொல்லையை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. எத்தனை முறை எழுகிறீர்கள், முக்க வேண்டியிருக்கிறதா, ஓட்டம் மெலிந்திருக்கிறதா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 35. மூன்று மதிப்பெண்ணாவது குறைந்தால்தான் மாற்றம் நோயாளிக்கே உறைக்கும் என்பது பொதுவான கணக்கு. 2006-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. இரு அணிக்கும் இடையே வித்தியாசம் 0.04 மதிப்பெண்.

அளவு போதவில்லை என்றார்கள் ஆதரவாளர்கள். நியாயமான ஆட்சேபம்தான். அதையும் பார்த்துவிடலாம் என்று 369 ஆண்களைச் சேர்த்து, வழக்கமான 320 மில்லிகிராமில் தொடங்கி 640, பிறகு 960 என்று மும்மடங்கு வரை ஏற்றினார்கள். 72 வாரம் நடந்தது. 2011-இல் வந்த முடிவு: பனைச் சாறு எடுத்தவர்களுக்குத் தொல்லை 2.20 மதிப்பெண் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 2.99 குறைந்தது. வெற்று மாத்திரை ஜெயித்தது என்று சொல்லலாம்; புள்ளியியல் கண்ணுக்கு அந்த வித்தியாசமும் ஒன்றுமில்லை என்பதே சரி. 2023-இல் எல்லா நல்ல ஆய்வுகளையும் மறுபடி அலசிய காக்ரேன் குழுவும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே சொன்னது.

அப்படியானால் எனக்குச் சரியாயிற்றே என்று சொல்லும் ஆயிரக்கணக்கானவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தொல்லை குறைந்திருக்கும். வெற்று மாத்திரை எடுத்தவர்களின் அந்த 2.99-ஐ இன்னொரு முறை பாருங்கள். புராஸ்டேட் தொல்லை ஒரே நேர்கோட்டில் ஏறுவதில்லை. சில மாதம் ஏறும், சில மாதம் இறங்கும். மழைக்காலத்தில் வியர்வை குறைந்து சிறுநீர் கூடும். கல்யாண வீட்டில் ராத்திரி காபி குடித்திருப்போம். சளிக்கு வாங்கிய மாத்திரை சுரப்பியின் தசையை இறுக்கியிருக்கும். தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் டப்பாவைத் தேடுகிறான். உச்சத்திலிருந்து எப்படியும் இறங்கத்தான் போகிறது. இறங்குகிற நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. மாத்திரை எடுக்க ஆரம்பித்தவர் இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைக்கவும் ஆரம்பித்திருப்பார், அது கணக்கில் வராது. ஒரு தனி ஆள் தன் உடம்பை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பிரித்தறிய வழியே இல்லை. வெற்று மாத்திரை அணி என்று ஒன்றை வைப்பதே அதற்காகத்தான்.

ஐரோப்பியர்கள் இன்னும் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வில் கார்பன் டை ஆக்சைடால் பிழிந்த சாறு. 2011-இன் ஆய்வில் எத்தனால் சாறு. நாங்கள் பயன்படுத்துவது ஹெக்சேன் கரைப்பானால் எடுத்தது, அதன் கொழுப்பு அமிலக் கலவையே வேறு என்கிறார்கள். 2015-இல் ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு அந்தச் சாற்றை மட்டும் தனியாகப் பிரித்து, பயன் நிலைநாட்டப்பட்டது என்ற வரிசையில் வைத்தது; எத்தனால் சாற்றுக்கு மரபுவழிப் பயன்பாடு என்ற கீழ்ப்படிதான் கிடைத்தது. வாதத்தில் பொருள் உண்டு. ஒரே செடி, எதில் ஊறப்போட்டோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு சரக்காகிவிடும். ஆனால் அந்த வாதம் சில்லறைக் கடை டப்பாவைக் காப்பாற்றாது. அதன் மேல் எந்தக் கரைப்பான் என்று எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பனைச் சாற்றில் இருக்கும் பொருள்களில் ஒன்று பீட்டா சிட்டோஸ்டெரால். செடிகள் தங்கள் செல் சுவருக்கு உட்புறமுள்ள சவ்வில் கொலஸ்ட்ராலுக்குப் பதில் வைத்துக்கொள்ளும் கொழுப்பு இது. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இருக்கிறது. 1995-இல் லான்செட் இதழில் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் 200 ஆண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர் ஓட்டம் கூடியது. சுரப்பியின் அளவு மட்டும் மாறவில்லை. அதே பொருள் இன்னொரு டப்பாவில் இதயத்துக்கு என்றும் விற்கிறது. புராஸ்டேட் மாத்திரையையும் இதய மாத்திரையையும் ஒரே அலமாரியில் அடுக்குவது விற்பவரின் சாமர்த்தியம் மட்டுமல்ல.

இதயத்தின் பக்கம் இதற்குக் கொஞ்சம் வலுவான அடிப்படை இருக்கிறது. குடலில் கொழுப்பு கரைந்து உள்ளே போவதற்குப் பித்தநீர் நுண்துளிகளில் இடம் பிடிக்க வேண்டும். தாவர ஸ்டெரால் உருவத்தில் கொலஸ்ட்ராலின் உடன்பிறப்பு மாதிரி இருப்பதால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கொலஸ்ட்ராலை வெளியே தள்ளிவிடுகிறது. தானும் உள்ளே போவதில்லை. தப்பி நுழைந்ததையும் குடல் செல்லே பம்ப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பம்ப் பிறவியிலேயே பழுதானவர்கள் மிகச் சிலர் உண்டு. அவர்களுக்குத் தாவர ஸ்டெரால் ரத்தத்தில் தேங்கி, இளம் வயதிலேயே மாரடைப்பு வரலாம். மற்றவர்கள் தினமும் இரண்டு கிராம் அளவுக்குச் சாப்பிட்டால் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 8 முதல் 10 சதவீதம் இறங்கும். ஃபின்லாந்தில் 1995-இலேயே பைன் மரக் கூழ் ஆலையின் உபபொருளிலிருந்து இதை எடுத்து, செயற்கை வெண்ணெயில் கலந்து கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சாதாரணச் சாப்பாட்டில் நமக்குக் கிடைப்பது இதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. தாவர ஸ்டெராலால் அப்படிக் கொழுப்பு இறங்கும்போது மாரடைப்பும் குறைகிறதா? அதைக் காட்டிய ஆய்வு எதுவும் கிடையாது.

அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் 2022-இல் ஒரு நேரடிப் போட்டி வைத்தது. 190 பேர், 28 நாள். ஓர் அணிக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம், அதாவது மருத்துவர் எழுதுவதிலேயே சின்ன அளவு. ஓர் அணிக்கு வெற்று மாத்திரை. மீதி ஆறு அணிகளுக்கு மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று கடையில் இதயத்துக்காக விற்கும் ஆறு சரக்கு. ஸ்டாட்டின் எல்.டி.எல்.லை ஏறக்குறைய 38 சதவீதம் இறக்கியது. ஆறில் ஒன்றும் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. பூண்டு அணியில் எல்.டி.எல். சற்று ஏறியே இருந்தது. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாட்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் என்பதையும், 28 நாள் என்பது குறுகிய காலம் என்பதையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூண்டுக்கு மட்டும் இன்னொரு சாட்சி. மாத்திரையில் சத்துச் செத்துப்போகும், பச்சைப் பூண்டில்தான் வேலை என்று சொல்வார்கள் அல்லவா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில் 192 பேரில் ஓர் அணிக்குப் பச்சைப் பூண்டை அரைத்து சாண்ட்விச்சில் வைத்து, வாரம் ஆறு நாள், ஆறு மாதம் ஊட்டினார்கள். கொழுப்பு அசையவில்லை. பூண்டு ரசத்தை நிறுத்த வேண்டியதில்லை, ருசிக்காகக் குடிக்கலாம்.

நம் நாட்டிலிருந்து கிளம்பிய கதை குக்குலு. ராஜஸ்தான், குஜராத் வறண்ட பகுதிகளில் வளரும் முள்மரம். பட்டையைக் கீறினால் பிசின் வடியும். சுசுருத சம்ஹிதையில் உடற்பருமன் பற்றிச் சொல்லுமிடத்தில் குக்குலு வருகிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஜி.வி. சத்தியவதி அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, நவீன மருத்துவம் சொல்லும் ரத்தக் கொழுப்பு நோயோடு இது ஒத்துப்போகிறதே என்று யோசித்தார். முயல்களுக்குக் கொழுப்பூட்டி, குக்குலு கொடுத்துப் பார்த்தார், கொழுப்பு இறங்கியது. 1966-இல் ஆய்வேடு. பழைய நூலை வேதவாக்காகவும் கொள்ளாமல் குப்பையாகவும் தள்ளாமல், சோதித்துப் பார்க்கத் தக்க ஓர் ஊகமாக எடுத்துக்கொண்ட விதத்தில் அந்த ஆய்வு இன்றும் பாடமாக வைக்கத் தகுந்தது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதை முன்னெடுத்து, மனிதர்களிடம் சோதித்து, 1986-இல் மருந்தாக அனுமதியும் வாங்கிவிட்டது.

2002-இல் இன்னொரு பரபரப்பு. குக்குலுவில் உள்ள குக்குல்ஸ்டிரோன் கல்லீரல் செல்லில் பித்த அமிலத்தை உணரும் ஒரு வாங்கியை முடக்குகிறது என்று சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது. எப்படி வேலை செய்கிறது என்பதே தெரிந்துவிட்டது! ஆனால் அடுத்த ஆண்டே ஃபிலடெல்ஃபியாவில் 103 பேரை வைத்து எட்டு வாரம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. குக்குலு எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். 4, 5 சதவீதம் ஏறியது. வெற்று மாத்திரை அணிக்கு 5 சதவீதம் இறங்கியது. சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. இந்தியர் சாப்பாடு வேறு, அமெரிக்கர் சாப்பாடு வேறு, அதனால்தான் என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. இருக்கலாம். அதைத் தீர்க்க இந்தியாவிலேயே பெரிய அளவில், முறையாக மறைத்து நடத்திய ஆய்வு வர வேண்டும். இதயத்துக்கென்று கொடுக்கும் மருதம்பட்டைக்கும் இதே கதிதான்: நம்பிக்கை தரும் சிறு ஆய்வுகள் இருக்கின்றன, முடிவு கட்டும் பெரிய ஆய்வு இல்லை. இதற்கிடையில் கீறிக் கீறிக் குக்குலு மரம் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. புராஸ்டேட்டுக்கென்று பட்டை உரிக்கப்படும் ஆப்பிரிக்கச் செர்ரி மரத்தையும் 1995-லேயே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

பனையும் குக்குலுவும் ஒரே இடத்தில் வந்து இடறின. சோதனைக் குழாயில் ஒரு நொதியையோ வாங்கியையோ தடுப்பது சுலபம். ஆயிரம் செடிகளின் சாறு அதைச் செய்யும். வாயில் போட்டு, குடல் தாண்டி, கல்லீரல் சிதைத்தது போக, எஞ்சியது சுரப்பிவரை போய்ச் சேர்ந்து அங்கே போதிய அளவில் தங்க வேண்டும். அதுவரை தாக்குப்பிடிப்பவை மிகச் சில.

தாக்குப்பிடித்தவை உண்டு. 1775-இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், ஷ்ராப்ஷயர் வட்டாரத்து மூதாட்டி ஒருவர் நீர் தேங்கி உடல் வீங்கும் நோய்க்குக் கொடுத்துவந்த இருபதுக்கு மேற்பட்ட பச்சிலைகளின் கூட்டு மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். வேலை செய்வது அதில் ஒரே ஒரு இலைதான் என்று ஊகித்தார்: ஃபாக்ஸ்குளோவ், டிஜிட்டாலிஸ் செடி. பத்து ஆண்டு உட்கார்ந்து அளவைத் தேடினார். செடி பூக்கும் தறுவாயில் பறித்த இலை, உலர்த்திய பொடி, இத்தனை குன்றிமணி என்று படிப்படியாக நெருங்கினார். கூடினால் வாந்தி, பார்வையில் மஞ்சளும் பச்சையும், பிறகு இதயமே நிற்கலாம். தோற்ற நோயாளிகளையும் மறைக்காமல் 1785-இல் நூலாக்கினார். 1930-இல் அந்தச் செடிக் குடும்பத்திலிருந்து டிகாக்ஸின் பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் இதய நோயாளிகளுக்கு மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். பலனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல். நம் ஊர் அரளியிலும் யாழ்ப்பாணத்து மஞ்சள் அலரியிலும் இருக்கும் நஞ்சு இதே இனத்தைச் சேர்ந்தது. இலங்கையில் அலரி நஞ்சுக்கு டிகாக்ஸின் முறிவு மருந்தையே கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று 2000-இல் லான்செட்டில் காட்டினார்கள்.

மூலிகையால் இதயத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று யாரும் சொல்லவில்லை. செய்ய முடிந்தபோது அது மருந்தாகிவிட்டது. அளவு, எச்சரிக்கை, ரத்தப் பரிசோதனை, மருத்துவர் சீட்டு எல்லாம் கூடவே வந்துவிட்டன. சிவப்பு ஈஸ்ட் அரிசி இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சரக்கு. சோற்றில் ஒரு பூஞ்சையை வளர்த்துச் சிவக்கவைப்பது சீன வழக்கம். அந்தப் பூஞ்சை மொனாக்கோலின் கே என்று ஒன்றைச் சுரக்கிறது. ஜப்பானின் அகிரா எண்டோ 1979-இல் அதைக் கண்டறிந்தார். அதுவும், மெர்க் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்து 1987-இல் மருந்தாக்கிய லோவாஸ்டாட்டினும் ஒரே மூலக்கூறு. ஆக, அந்த அரிசி மாத்திரை எடுப்பவர் ஸ்டாட்டின்தான் எடுக்கிறார், எவ்வளவு என்று தெரியாமல். 2010-இல் 12 தயாரிப்புகளைச் சோதித்தபோது ஒரு கேப்ஸ்யூலில் 0.10 மில்லிகிராம் முதல் 10.09 மில்லிகிராம் வரை இருந்தது, நூறு மடங்கு வித்தியாசம். நான்கில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் இருந்தது. 2024 மார்ச்சில் ஜப்பானில் ஒரு பெரிய நிறுவனத்தின் சிவப்பு அரிசி மாத்திரை சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்கி, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்ட வேறொரு பூஞ்சையின் நஞ்சு அது.

தற்செயலான கலப்படம் இது. வேண்டுமென்றே செய்ததும் நடந்திருக்கிறது. 1990-களில் பி.சி.-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கேப்ஸ்யூல் அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடையே பிரபலமானது. புராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு கண்முன்னே இறங்கியது. பெரிய மருத்துவமனைகளே முறையான ஆய்வில் இறங்கின. சிலருக்கு மார்பு வீங்கியது, சிலருக்குக் காலில் ரத்தம் உறைந்தது. பெண் ஹார்மோன் சிகிச்சையில் வரும் அதே அறிகுறிகள். பகுத்துப் பார்த்ததில் டி.இ.எஸ். என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் கிடைத்தது. அதனால் ரத்தம் உறையும் என்பதற்கோ என்னவோ, வெவ்வேறு தொகுதிகளில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரினும் இருந்தது. வலி மாத்திரை இண்டோமெத்தசினும் இருந்தது. 2002-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஆச்சரியமாக வேலை செய்யும் மூலிகை மாத்திரையைக் கண்டால் சந்தோஷப்படுவதற்கு முன் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அப்போதிருந்து பகுப்பாய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அமெரிக்காவில் 1994-இன் சட்டப்படி இத்தகைய சரக்கை விற்க முன்கூட்டியே பலனை நிரூபிக்கத் தேவையில்லை. நோயைக் குணமாக்கும் என்று மட்டும் சொல்லக் கூடாது. இந்தியாவில் இவை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின்கீழ் உணவுப் பொருளாக வருகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற எச்சரிக்கை டப்பாவின் மேல் இருக்க வேண்டும் என்பது விதி. பொடி எழுத்தில் தேடினால் கிடைக்கும். அதற்கு மேலேயே பெரிய எழுத்தில் இதயப் படமும் இருக்கும்.

பனைச் சாறு பெரிய கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. பி.எஸ்.ஏ.வையும் அது மாற்றுவதில்லை என்பது 2011 ஆய்விலேயே தெரிந்தது, ஆகவே புற்றுநோய்ச் சோதனையை மறைக்காது. கெடுதல் தாமதத்தில்தான். ராத்திரி எழுவதற்குக் காரணம் புராஸ்டேட்டே அல்லாமல் கட்டுப்படாத சர்க்கரையாக இருக்கலாம், சிறுநீர்ப்பைக் கல்லாக இருக்கலாம், இதயத் தளர்ச்சியில் பகலில் காலில் இறங்கிய நீர் படுத்ததும் திரும்புவதாக இருக்கலாம். சிறுநீரில் ரத்தம் கண்டாலோ, அடிவயிறு உப்பி ஒரு சொட்டும் வராமல் அடைத்துக்கொண்டாலோ அது அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். சாதாரண புராஸ்டேட் வீக்கத்துக்குத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் சில நாட்களிலேயே பலன் காட்டும்; எழுந்திருக்கும்போது தலை சுற்றலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்வார். ஜலதோஷ மாத்திரைகளில் மூக்கடைப்பு நீக்கியும் தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்தும் இருக்கும். வீங்கிய புராஸ்டேட் உள்ளவருக்கு இரண்டுமே ஆகாது.

மருத்துவர் கேட்கும்போது மாத்திரைச் சீட்டை நீட்டுகிற நாம், வீட்டு அலமாரியில் இருப்பதைச் சொல்வதில்லை. அதெல்லாம் மருந்தா என்ன? உதாரணத்துக்கு அதிமதுரம். தொண்டைக் கமறலுக்கு வாயில் அடக்கிக்கொள்வோம், பி.சி.-ஸ்பெஸின் எட்டு மூலிகைகளில் அதுவும் ஒன்று. ஒருநாள் இருநாள் சப்புவதால் ஒன்றுமில்லை. வாரக் கணக்கில் கஷாயமாகக் குடித்தால் அதிலுள்ள கிளிசிரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுத்து உப்பைத் தேக்கும். ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கிய இதயத்தில் டிகாக்ஸின் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். நேற்றுவரை சரியாக இருந்த அதே கால் மில்லிகிராம் மாத்திரை, ஒரு மைக்ரோகிராம்கூடக் கூடாமலே, நஞ்சாகிவிடும்.